சரியான விடைக்கு ஒரே ஒரு மார்க்



கணித மேதை சீனிவாச இராமானுஜனைப் பற்றி நம்மில் பலருக்கும் தெரிந்தது இரண்டே விஷயம்தான். ஒன்று, டாக்ஸி நம்பர் 1729. இன்னொன்று, கனவில் வந்து சூத்திரம் சொன்ன நாமகிரித் தாயார். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். யூனிவர்சிட்டியில் முதல் வருஷம் கணக்குப் பாடத்தில் சறுக்கி விழுந்த பிறகுதான் அந்த மனிதரின் வாழ்க்கையை முழுசாகப் படித்தேன். அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதுக்கு முன்னாடி நான் சறுக்கி விழுந்த கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

நான் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா ரஜூலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கியவர். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். எங்க லயத்திலிருந்து யூனிவர்சிட்டிக்குப் போன முதல் பொண்ணு நான்தான். நான் கிளம்பிய அன்றைக்கு, காலையில் பனிமூட்டம் கலையறதுக்கு முன்னாடியே பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் வாசலுக்கு வந்து விபூதி பூசி அனுப்பினார்கள்.

நான் எடுத்த பாடம் வேதியியல். ஆனால் அங்கே அறிவியல் மாணவர்கள் எல்லாருமே முதல் செமஸ்டரில் ஒரு கணக்குப் பாடம் படித்தாக வேண்டும். வாரத்துக்கு இரண்டு விரிவுரை, ஒரு நாள் கம்ப்யூட்டர் லேப். நுண்கணிதம், தொடர்கள், அணிகள் எல்லாவற்றையும் மேத்தமெட்டிக்கா என்ற மென்பொருளில் செய்து பார்க்கணும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாமல் வளர்ந்த எனக்கு அது மாயாஜாலம் மாதிரி இருந்தது. ஒரு வரி தட்டினால் போதும். மூன்று பக்கம் எழுத வேண்டிய கணக்குக்கு கண் மூடித் திறப்பதற்குள் விடை வந்து நிற்கும். இனிமேல் கணக்குக்குப் பயமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. ஒரு வர்க்கமூலம். அதன் உள்ளே 1 கூட்டல், 2 பெருக்கல், இன்னொரு வர்க்கமூலம். அந்த வர்க்கமூலத்தின் உள்ளே 1 கூட்டல், 3 பெருக்கல், இன்னொன்று. அதன் உள்ளே 1 கூட்டல், 4 பெருக்கல், இன்னொன்று. இப்படியே முடிவில்லாமல் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இதன் மதிப்பு என்ன, ஏன் என்பதுதான் கேள்வி.

நான் மென்பொருளில் தட்டினேன். ஒரு படியோடு நிறுத்தினால் 1.732. இரண்டு படி போனால் 2.236. மூன்று படியில் 2.560, நான்கில் 2.755. இருபது படி போட்டதும் 3-ஐ ஒட்டி வந்துவிட்டது. விடை 3 என்று எழுதி, அச்சடித்த தாளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு சந்தோஷமாக வெளியே வந்தேன். அந்தக் கேள்விக்குப் பத்து மார்க். எனக்குக் கிடைத்தது ஒன்று. மற்ற கேள்விகளிலும் இதே கதைதான். மொத்தம் நூற்றுக்கு 28.

விரிவுரையாளர் ஒரு சீனப் பெரியவர். அவரிடம் போய், விடை சரிதானே, ஏன் மார்க் இல்லை என்று கேட்டேன். விடையைக் கண்டுபிடித்தது கம்ப்யூட்டர், ஏன் என்ற கேள்விக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று பொறுமையாகச் சொன்னார். அப்புறம் என் பேரைப் பார்த்துவிட்டு, இந்தக் கேள்வியை 1911-லேயே மெட்ராஸில் போட்டவர் ஒரு தமிழர், அவரைப் பற்றி உனக்குத் தெரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. மார்க் போனதைவிட அது ரொம்ப வெட்கமாக இருந்தது.

செமஸ்டர் விடுமுறைக்கு மலைக்கு வந்தேன். மார்க்கைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. திரும்பிப் போக வேண்டாம், பிரிஞ்சாங்கில் ஏதாவது ஹோட்டலில் வேலை தேடிக்கலாம் என்று மனசுக்குள் முடிவே பண்ணிவிட்டேன். அந்த வாரம் கோயில் மண்டபத்து அலமாரியில் இராமானுஜனைப் பற்றி ஒரு பழைய புத்தகம் கண்ணில் பட்டது. அட்டை கிழிந்திருந்தது. எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பிறகு கிடைத்ததை எல்லாம் தேடித் தேடிப் படித்தேன்.

கணக்குப்பிள்ளையின் மகன்

இராமானுஜன் 1887 டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம், சாரங்கபாணி சந்நிதித் தெரு. அப்பா சீனிவாச ஐயங்கார் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். நம்ம தோட்டத்துப் பாஷையில் சொன்னால் ஒரு சின்னக் கிராணி வேலை. அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். வருமானம் போதாமல் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்க வைத்திருந்தார்கள். அந்த மாணவர்களுக்குத் தெரிந்த கணக்கை எல்லாம் சின்னப் பையன் இராமானுஜன் சீக்கிரமே கற்றுக்கொண்டார். அவர்கள் மூலமாகக் கிடைத்த லோனியின் திரிகோணமிதிப் புத்தகத்தை 13 வயசுக்குள் கரைத்துக் குடித்துவிட்டார்.

15, 16 வயசில் இன்னொரு புத்தகம் கைக்கு வந்தது. கார் என்ற ஆங்கிலேயர், தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காகத் தொகுத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், வரிசையாக நம்பர் போட்டு. பலவற்றுக்கு நிரூபணம் இல்லை. இருக்கிறதும் ஒரு வரிக் குறிப்பு மாதிரிதான் இருக்கும். 

இந்த இடத்தைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வழி சொல்லாமல் விடையை மட்டும் சொல்லும் புத்தகம்! எனக்கு லேப்பில் மென்பொருள் எதைக் கொடுத்ததோ, அதைத்தான் அந்தப் புத்தகம் அவருக்குக் கொடுத்தது. நான் விடையைப் பார்த்து எழுதிவிட்டு எழுந்து போனேன். அவர் ஒவ்வொரு விடையையும் ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டார். இது எப்படி வந்தது? நானே போட்டால் வருமா? இதுக்கு அடுத்தது என்ன? இப்படி ஒவ்வொன்றையும் சொந்தமாகப் போட்டுப் பார்த்து, அந்தப் புத்தகத்தில் இல்லாத புதிய முடிவுகளுக்கும் போய்விட்டார்.

காகிதம் வாங்கக் காசு கிடையாது. சிலேட்டில்தான் கணக்கு. துணி எடுத்துத் துடைத்தால் நேரம் போகும் என்று முழங்கையாலேயே அழித்து அழித்து எழுதுவாராம். முழங்கை கறுத்துப் போயிருக்கும். விடை கிடைத்ததும் அதை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். வழியெல்லாம் சிலேட்டோடு அழிந்துவிடும். அவருடைய நோட்டுப் புத்தகங்களில் வெறும் முடிவுகள் மட்டும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோல்வி மேல் தோல்வி

1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனசு போகவில்லை. ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை பறிபோனது. வீட்டுக்கு முகம் காட்ட முடியாமல் 1905-இல் சொல்லாமல் கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப் போனார். பெற்றோர் தேடி அலைந்தார்கள். திரும்பி வந்து, 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடலியல் பாடம் காலை வாரிவிட்டது. மறுபடியும் தோல்வி. 1907-இல் தனியாகத் தேர்வு எழுதினார். அதிலும் தோல்வி.

உலகமே இன்றைக்குக் கொண்டாடும் மேதை, கல்லூரி முதல் படியையே தாண்ட முடியாதவர். வீட்டுக்குப் பயந்து ஓடியவர். தலையணைக்கு அடியில் மார்க் தாளை ஒளித்து வைத்திருந்த எனக்கு இதைப் படித்ததும் அழுகை வந்துவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் தோற்றது நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. மற்ற பாடங்களை விட்டதுக்கு அவர் கொடுத்த விலை ரொம்பப் பெரியது. பட்டம் இல்லை, வேலை இல்லை, சில சமயம் சாப்பாட்டுக்கே வழியில்லை. அந்த வருஷங்களிலும் நோட்டை மட்டும் அவர் மூடவில்லை.

1909-இல் ஜானகி அம்மாளோடு கல்யாணம். பொண்ணுக்கு அப்போது பத்து வயசு. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. இனி சம்பாதித்தாக வேண்டும். நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை தேடி அலைந்தார். திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த இராமசாமி ஐயர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். இந்தப் பிள்ளைக்குத் தாலுகா ஆபீசில் வேலை போட்டுக்கொடுத்தால் இந்தத் திறமை வீணாகிவிடும் என்று நினைத்து, சென்னையில் இருந்த பெரியவர்களுக்குச் சிபாரிசு செய்தார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் தன் கைக்காசு போட்டு மாதாமாதம் கொஞ்ச காலம் தாங்கினார்.

1911-இல் அந்தச் சங்கத்தின் பத்திரிகையில் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அதே வருஷம், அதே பத்திரிகையில் வாசகர்களுக்கு அவர் விட்ட சவால்தான் எனக்கு ஒரு மார்க் வாங்கிக் கொடுத்த அந்த முடிவில்லாத வர்க்கமூலக் கணக்கு. மாசக்கணக்கில் காத்திருந்தும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. மாசம் 30 ரூபாய் சம்பளம். அப்பா மாதிரியே கணக்கு எழுதும் வேலை. மேலதிகாரி நாராயண ஐயரும் கணக்கு தெரிந்தவர். சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போடுவார்கள்.

கேம்பிரிட்ஜுக்குப் போன கடிதம்

1913 ஜனவரி 16-ஆம் தேதி, கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதோடு நூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள். நிரூபணம் எதுவும் இல்லை. ஹார்டி முதலில் ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்தார். ராத்திரி நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்தபோது நிலைமை மாறியது. சில முடிவுகள் ஏற்கெனவே தெரிந்தவை. சில தவறு. ஆனால் சில, அவர்கள் கண்ணாலும் பார்த்திராதவை. எழுதியவர் சாதாரண ஆள் இல்லை என்று இரண்டு பேருக்கும் புரிந்தது.

செய்தி சென்னைக்கு எட்டியதும் சென்னைப் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. 30 ரூபாய் கிராணி, பட்டம் இல்லாமலேயே பல்கலைக்கழக ஆய்வாளர் ஆனார்.

கேம்பிரிட்ஜுக்கு வரச் சொல்லி ஹார்டி கூப்பிட்டார். கடல் தாண்டுவது ஆசாரத்துக்கு ஆகாது என்று வீட்டில் தடை. குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். அம்மாவின் கனவில் தாயார் வந்து, மகனைத் தடுக்காதே என்று உத்தரவு கொடுத்ததாகக் குடும்பத்தில் சொல்லி வந்தார்கள். 1914 மார்ச் 17-ஆம் தேதி குடுமியை எடுத்துவிட்டு, கோட்டு போட்டுக்கொண்டு, நெவாசா என்ற கப்பலில் ஏறினார். நம்ம முன்னோர்கள் எத்தனையோ பேர் மலாயாவுக்குக் கப்பல் ஏறிய அதே சென்னைத் துறைமுகம்தான். அவர்கள் கிழக்கே வந்தார்கள், அவர் மேற்கே போனார்.

எங்க மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது 1929-இல். அப்போது இராமானுஜன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

நிரூபணம் என்ற பாடம்

கேம்பிரிட்ஜில் அவருக்குப் பெரிய பிரச்சினை ஒன்று இருந்தது. விடை அவருக்குத் தெரிந்துவிடும். ஏன் என்று அடுத்தவர் ஏற்கும்படி எழுதிக் காட்டும் பழக்கம் இல்லை.

கடிதத்தில் பகா எண்களைப் பற்றி அவர் எழுதிய சில முடிவுகள் தவறாகப் போனவை. பகா எண் என்றால் 2, 3, 5, 7 மாதிரி, ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவது. ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண் இருக்கும் என்று அவர் கொடுத்த சூத்திரம், போட்டுப் பார்க்கும் எண்களுக்கெல்லாம் பிரமாதமாகப் பொருந்தியது. ஆனால் எல்லா எண்களுக்கும் அவர் சொன்ன அளவுக்குத் துல்லியமாகப் பொருந்தாது.

இதிலே எனக்கு ஒரு பெரிய பாடம் இருந்தது. பகா எண்களின் எண்ணிக்கைக்கு இன்னொரு பழைய கணிப்பு உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்த எல்லா இடத்திலும் அந்தக் கணிப்பு உண்மையான எண்ணிக்கையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். எப்பவும் இப்படித்தான் என்று யாருக்கும் தோணும். ஆனால் போகப் போக எங்கேயோ அது குறைவாகவும் ஆகும், இப்படி முடிவில்லாமல் மாறிக்கொண்டே இருக்கும் என்று 1914-இல் லிட்டில்வுட் நிரூபித்தார். கம்ப்யூட்டரால் ஒவ்வொன்றாக எண்ணிப் போய்ப் பார்க்க முடியாத அளவு தூரத்தில் நடக்கும் விஷயம் அது. லேப்பில் நான் கோடி தரம் தட்டினாலும் தவறான முடிவுக்குத்தான் வந்திருப்பேன். நிரூபணம் மட்டும்தான் அங்கே கை கொடுக்கும்.

ஹார்டி பக்குவமாகச் சொல்லிக் கொடுத்தார். இராமானுஜனும் கற்றுக்கொண்டார். ஊரில் தனக்குத் தானே குருவாக இருந்தவர், 26 வயசுக்கு மேல் மாணவராக உட்கார்ந்தார். அந்தப் பணிவை நாம் யாரும் பேசுவதில்லை. 1916-இல் ஆய்வுக்காகக் கேம்பிரிட்ஜ் பட்டம் வாங்கினார். கும்பகோணத்திலும் சென்னையிலும் கிடைக்காத பட்டம்.

இரண்டு பேரும் சேர்ந்து செய்த பெரிய வேலை, எண்களைப் பிரித்து எழுதும் கணக்கு. கொழுந்துக் கணக்காகவே சொல்கிறேன். உங்களிடம் 4 கிலோ கொழுந்து இருக்கிறது. முழுக் கிலோவாகக் கூடைகளில் பிரிக்கணும். 4 ஒரே கூடை. இல்லை 3, 1. இல்லை 2, 2. இல்லை 2, 1, 1. இல்லை 1, 1, 1, 1. மொத்தம் 5 வழி. 5 கிலோவுக்கு 7 வழி. 10 கிலோவுக்கு 42 வழி. 100 கிலோவுக்கு 190,569,292 வழி! இந்த எண்ணிக்கையை நேராகச் சொல்ல ஒரு சூத்திரம் யாரிடமும் இல்லை. ஹார்டியும் இராமானுஜனும் 1918-இல் வெளியிட்டார்கள். 200-க்கு வந்த விடை 3,972,999,029,388. மக்மகோன் என்ற கணித அறிஞர் 200 வரைக்கும் கையாலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார். இரண்டும் ஒத்துப் போயின.

அந்தக் கை அட்டவணையை இராமானுஜன் சும்மா பார்த்துவிட்டு வைக்கவில்லை. 4-க்கு 5 வழி. 9-க்கு 30. 14-க்கு 135. 19-க்கு 490. 24-க்கு 1575. எல்லாம் 5-ஆல் வகுபடுகிறது பாருங்கள். 4-இல் முடியும் எண், 9-இல் முடியும் எண் எதை எடுத்தாலும் இப்படித்தான் என்று கண்டுபிடித்தார். ஆனால் இந்தத் தடவை கண்டுபிடித்ததோடு நிறுத்தவில்லை. எல்லா எண்ணுக்கும் அது பொருந்தும் என்று நிரூபித்தும் காட்டினார். சிலேட்டை அழித்துவிட்டு விடையை மட்டும் எழுதிய பிள்ளை எவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்பதுக்கு இதுவே சாட்சி.

உடம்பு ஒத்துழைக்கவில்லை

1914-இல் தொடங்கிய முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். சுத்த சைவம் சாப்பிடுகிறவர், தானே சமைத்துக்கொள்வார். போரில் காய்கறிக்கும் தட்டுப்பாடு. குளிர், தனிமை, தூக்கமில்லாத உழைப்பு. 1917-இல் படுத்தவர், ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தார். புட்னியில் படுத்திருந்தபோது ஹார்டி வந்த டாக்ஸியின் நம்பர்தான் 1729. சுவையில்லாத எண் என்று ஹார்டி நினைத்தார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று படுக்கையிலிருந்தே இராமானுஜன் சொன்னார். 1-இன் கனமும் 12-இன் கனமும் சேர்ந்தால் 1729. 9-இன் கனமும் 10-இன் கனமும் சேர்ந்தாலும் 1729. அது திடீரென்று பிறந்த மந்திரம் இல்லை. இந்த மாதிரி எண்களோடு அவர் முன்னாடியே விளையாடி வைத்திருந்தார்.

1918-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது. அதே வருஷம் டிரினிட்டி கல்லூரியும் உறுப்பினர் பதவி கொடுத்தது. அந்தப் பதவி பெற்ற முதல் இந்தியர் அவர்தான். 1919 மார்ச்சில் ஊர் திரும்பினார், உடம்பு எலும்பும் தோலுமாக. படுத்த படுக்கையிலும் காகிதத்தை விடவில்லை. 1920 ஜனவரியில்கூடப் புதிய வகைச் சார்புகளைக் கண்டுபிடித்து ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னை சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயசு 32.

கூட இருந்து பார்த்துக்கொண்ட ஜானகி அம்மாளுக்கு அப்போது 21 வயசுதான். பிற்பாடு தையல் வேலை செய்து, சொந்தக் காலில் நின்று, 1994 வரைக்கும் வாழ்ந்தார். அவரையும் நாம் மறக்கக் கூடாது.

அவர் கணக்கை ஓட்டிய கம்ப்யூட்டர்

கடைசி வருஷத்துக் காகிதங்கள் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்து, ஒரு நூலகப் பெட்டிக்குள் கிடந்தன. 1976-இல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் கண்டெடுத்தார். நூறு பக்கத்துக்கும் மேல், நூற்றுக்கணக்கான சூத்திரங்கள். பழைய நோட்டுப் புத்தகங்களில் மட்டும் 3000-க்கும் மேற்பட்ட முடிவுகள். அவற்றுக்கு நிரூபணம் தேடி பெர்ண்ட் என்ற பேராசிரியர் 1985-லிருந்து 1998 வரை ஐந்து தொகுதிகள் வெளியிட்டார்.

1914-இல் இராமானுஜன் பை என்ற எண்ணுக்குச் சில தொடர்களை வெளியிட்டிருந்தார். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருமே, 3.14159 என்று போகுமே, அதே பை. அவற்றில் ஒரு தொடரில் ஒவ்வொரு உறுப்பும் சுமார் எட்டு இலக்கத்தைச் சரியாகத் தரும். 1985-இல் காஸ்பர் என்பவர் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, 17 மில்லியன் இலக்கங்களுக்கு மேல் கணக்கிட்டார். அந்த நேரத்தில் அந்தத் தொடருக்கு முழு நிரூபணம் இல்லை. அதற்குப் பிறகுதான் போர்வைன் சகோதரர்கள் நிரூபித்தார்கள். சிலேட்டில் எழுதி அழித்த ஒரு மனிதரின் சூத்திரத்தை இயந்திரம் ஓட்டியது, ஏன் என்று கண்டுபிடிக்க மறுபடியும் மனிதர்கள்தான் உட்கார வேண்டியிருந்தது.

காலண்டர் தாளில் ஒரு கணக்கு

படித்து முடித்த ராத்திரி, வெளியே நல்ல குளிர். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தேன். 3-இன் வர்க்கம் 9. அது 1 கூட்டல் 8. அந்த 8 என்பது 2 பெருக்கல் 4. சரி, 4-இன் வர்க்கம் 16. அது 1 கூட்டல் 15. 15 என்பது 3 பெருக்கல் 5. 5-இன் வர்க்கம் 25. அது 1 கூட்டல் 24. 24 என்பது 4 பெருக்கல் 6. கை நடுங்கிவிட்டது. 3-க்குள்ளே 4 இருக்கிறது, 4-க்குள்ளே 5 இருக்கிறது, 5-க்குள்ளே 6. ஒவ்வொன்றையும் வர்க்கமூலமாக எழுதி உள்ளே வைத்துக்கொண்டே போனால் அதே கேள்வி! அதனால்தான் விடை 3.

அம்மா எழுந்து வந்து என்ன இந்நேரத்தில் என்று கேட்டார். காட்டினேன். கூடைக் கணக்கை மனசிலேயே போட்டுப் பழகியவர். 3-ஐயும் 5-ஐயும் பெருக்கினால் 15, 4-ஐ 4-ஆல் பெருக்கினால் 16, எப்பவும் ஒன்று கூடத்தான் வருமா என்று கேட்டு, தானாகவே 6, 8, 7 வைத்தும் சரிபார்த்தார். அப்போதுதான் 28 மார்க் விஷயத்தைச் சொன்னேன். அம்மா திட்டவில்லை. தாப்பாவுக்குப் பஸ் என்றைக்கு என்று மட்டும் கேட்டார்.

திரும்பிப் போனேன். காலண்டர் தாளை விரிவுரையாளரிடம் காட்டினேன். பாதி தூரம் வந்துவிட்டாய், முடிவில்லாத அந்த உள்பகுதி விடையை மாற்றிவிடாது என்றும் காட்டணும் என்றார். அதையும் கற்றுக்கொண்டேன். லேப்பில் புது வழக்கம் வைத்துக்கொண்டேன். முதலில் கையால் சின்ன எண்களுக்குப் போடுவேன். அப்புறம் மென்பொருளில் பெரிய எண்களுக்குப் பார்ப்பேன். அதில் தெரியும் ஒழுங்கைக் கண்டுபிடித்துவிட்டு, ஏன் என்று மறுபடியும் தாளுக்கு வருவேன். கூடைக் கணக்கு 200 வரைக்கும் தட்டிப் பார்த்தேன். மக்மகோன் நாள் கணக்கில் உழைத்தது நொடியில் வந்தது. ஆனால் 5-ஆல் வகுபடுவதை அது எனக்குச் சொல்லவில்லை. நான்தான் கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பாடத்தில் பி கிரேடு வாங்கித் தேறினேன். ஏ வாங்கவில்லை, ஆனால் எழுதியது எல்லாம் என் சொந்தச் சரக்கு.

இப்போது லீவில் மலைக்கு வரும்போது கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கணக்கைப் போனில் படம் பிடித்தால் விடை வந்துவிடுகிறது; எதுக்கு அக்கா கஷ்டப்படணும் என்று கேட்கிறார்கள். இன்னொரு பையன், அவருக்குத் தாயார் அருள் இருந்தது, நமக்கு எங்கே என்கிறான்.

அவனுக்கு நான் சொல்வது இதுதான். இராமானுஜன் நாமகிரித் தாயாரைக் கடைசி வரைக்கும் நம்பினார். ஆனால் தாயார் பார்த்துக்கொள்வார் என்று அவர் சிலேட்டைக் கீழே வைக்கவில்லை. முழங்கை கறுக்கும் அளவுக்கு எழுதினார். அருள் வந்து உட்கார ஓர் இடம் வேண்டும் இல்லையா? அந்த இடத்தை அவர் தினமும் துடைத்து வைத்திருந்தார்.

போனில் படம் பிடிக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. படம் பிடியுங்கள், தப்பில்லை. கார் புத்தகத்தை இராமானுஜன் எடுத்த மாதிரி எடுங்கள். விடை வந்ததும் போனைக் கவிழ்த்து வையுங்கள். ஒரு தாளை எடுத்து, அது ஏன் என்று எழுதுங்கள். இன்றைக்கே தொடங்கலாம். 6 கிலோ கொழுந்தை முழுக் கிலோவாக எத்தனை வழியில் கூடைகளில் பிரிக்கலாம்? போன் வேண்டாம், விரலே போதும். எழுதிப் பார்த்துவிட்டு வீட்டில் அம்மாவிடம் காட்டுங்கள்.